சதுரகிரி மலையேற்றம்

சதுரகிரி மலையேற்றம் என்பது விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்துள்ள சுந்தரமகாலிங்கம் கோயிலுக்குக் காட்டுவழியே நடந்து செல்லும் பயணம் ஆகும். பாதை தாணிப்பாறை அடிவாரத்தில் தொடங்குகிறது. கோவில்பட்டி, சாத்தூர் முதலிய கரிசல் வட்டாரங்களிலிருந்தும் ஆடி அமாவாசைக்குப் பலர் செல்கின்றனர். 2021 முதல் இக்காடு திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்கும்.

ஓடைகள்

பாதை மாங்கனி ஓடை முதலிய சில ஓடைகளைக் கடக்கிறது. ஏற்றத்தைவிட இவையே ஆபத்தானவை. கரிசல் நிலத்தில் ஓடைகள் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடப்பதால், சமவெளியினர் காய்ந்த ஓடையை வெறும் தடமாகவே எண்ணிவிடுவதுண்டு. மலையிலோ உச்சியில் பெய்யும் மழை, அடிவாரத்தில் வெயில் காயும்போதே வெள்ளமாக இறங்கிவிடும். 2015 மே மாதத் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் சிலர் உயிரிழந்தனர்; அது கோடைக்காலம் என்பது கருதத்தக்கது. நீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வரின் ஓடையில் இறங்காது மேட்டில் காத்திருத்தல் வேண்டும்.

முன்னேற்பாடுகள்

மலையேற அனுமதி உள்ள நாளையும் நேரத்தையும் வனத்துறையிடம் முன்னரே அறிதல் வேண்டும். மழை எச்சரிக்கை உள்ள நாட்களில் அனுமதி மறுக்கப்படும். இருட்டுமுன் இறங்கிவிடுமாறு அதிகாலையிலேயே ஏறுவது நன்று. குடிநீர், வழுக்காத காலணி ஆகியவற்றுடன், திரும்பும் நேரத்தை வீட்டாரிடம் சொல்லிச் செல்வதும் இன்றியமையாதது. காய்ந்த புல் எளிதில் தீப்பற்றும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மூண்ட காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் 20 பேருக்கு மேல் இறந்தனர். அதன் பின்னரே தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளை வகுத்தது.