பிளாஸ்டிக் பட்டைத் திரை: அளவறிந்து வாங்குவதும் விற்பதும்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது முதல் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஹார்டுவேர் வியாபாரத்தின் போக்கே மாறிவிட்டது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிஸான், 2012-இல் டெய்ம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெரிய கம்பெனிகள் தங்களுக்கு வேண்டியதை உற்பத்தியாளரிடம் நேரடியாக வாங்கிக்கொள்கின்றன. அவர்களுக்கு உதிரிப் பாகம் செய்து தரும் சிறு தொழிற்கூடங்கள், கேன்டீன் காண்டிராக்டர்கள், பால், இறைச்சி, மருந்து வைக்கும் குளிர்சாதனக் கிடங்குக்காரர்கள் ஆகியோர்தான் நம்மைப் போன்ற கடைகளைத் தேடி வருகிறார்கள். அவர்கள் அடிக்கடி கேட்கும் சரக்குகளில் ஒன்று வாசலில் தொங்கவிடும் பி.வி.சி. ஸ்டிரிப் கர்ட்டன், அதாவது பிளாஸ்டிக் பட்டைத் திரை.

வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "சதுர அடி என்ன விலை?" என்பதுதான். இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லும் கடைக்காரர் ஒன்று தாம் ஏமாறுகிறார், அல்லது வாடிக்கையாளரை ஏமாற்றுகிறார். ஏனென்று பார்ப்போம்.

8 அடி அகலமும் 8 அடி உயரமும் உள்ள ஒரு கிடங்கு வாசலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 2.4 மீட்டருக்கு 2.4 மீட்டர். இதற்கு 300 மி.மீ. அகலப் பட்டை தொங்கவிட வேண்டும். ஒரு பட்டையின் மேல் அடுத்த பட்டை 50 மி.மீ. ஏறி நின்றால் 10 பட்டைகள் போதும். 100 மி.மீ. ஏறினால் 12 பட்டைகள். 150 மி.மீ. ஏறினால் 15 பட்டைகள். அதாவது முதல் கணக்கில் 24 மீட்டர் சரக்கு, கடைசிக் கணக்கில் 36 மீட்டர். வாசல் அதே வாசல்தான், சதுர அடியும் அதே 64-தான். சரக்கோ ஒன்றரை மடங்கு. மூன்று கடைகளில் மூன்று கொட்டேஷன் வாங்கி, குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர் கொடுக்கும் பர்ச்சேஸ் மேனேஜர் பெரும்பாலும் 50 மி.மீ. கணக்கைத்தான் வாங்கிக்கொண்டு போகிறார். காற்று அடித்தால் அந்தத் திரை விரிந்து வழிவிடும். ஒரு மாதத்தில் "உங்கள் சரக்கு சரியில்லை" என்று வந்து நிற்பார். ஆகவே கொட்டேஷனில் பட்டையின் அகலம், கனம், ஏற்றளவு, பட்டைகளின் எண்ணிக்கை நான்கையும் எழுதிக் கொடுத்து, மீட்டர் கணக்கில் விலை சொல்வதே இரு தரப்புக்கும் நல்லது.

அளவைப் பொறுத்தவரை, ஆட்கள் மட்டும் நடக்கும் சிறு வாசலுக்கு 200 மி.மீ. அகலம், 2 மி.மீ. கனம். கை வண்டி, ஃபோர்க்லிஃப்ட் போகும் வாசலுக்கு 300-க்கு 3. லாரி நுழையும் பெரிய வெளி வாசலுக்கு 400-க்கு 4. ஆட்கள் நடக்கும் இடத்தில் 4 மி.மீ. பட்டையை மாட்டிவிட்டால் கனம் தாங்காமல் தொழிலாளர்களே அதை ஒரு பக்கமாகச் சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டிவிடுவார்கள். கனம் கூடினால் நல்லது என்று நினைப்பது இந்தச் சரக்கில் பொருந்தாது.

இனி, கொள்முதல் செய்யும் நம் அன்பர்களுக்கு. ரோல் 50 மீட்டர் என்று வரும். வந்தவுடன் தராசில் ஏற்றுங்கள். 300-க்கு 3 அளவில் 50 மீட்டர் ரோல், சுமார் 54 முதல் 56 கிலோ இருக்க வேண்டும். 200-க்கு 2 என்றால் 24, 25 கிலோ. 3 மி.மீ. என்று வந்த ரோல் 48 கிலோவில் நின்றால், கனம் 2.6-தான் இருக்கும், அல்லது நீளம் குறையும். எடை சரியாக இருந்தும் பட்டை மங்கலாகத் தெரிந்தால் சுண்ணாம்புத் தூளோ, உருக்கி மறுபடி ஊற்றிய பழைய பிளாஸ்டிக்கோ கலந்திருக்க இடமுண்டு. ஒரு துண்டைச் செய்தித்தாளின் மேல் வைத்துப் பார்த்தால் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். இது வெறும் அழகுக்காகச் சொல்வதல்ல. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் திரைக்கு அப்பால் ஆள் நிற்கிறாரா என்று அந்தப் பட்டை வழியாகத்தான் பார்க்க வேண்டும். மங்கிய பட்டை மாட்டிய வாசலில் ஒருவர் அடிபட்டால், பில் போட்ட கடையின் பெயரும் அடிபடும்.

வகைகளில் அதிகம் தவறு நடப்பது குளிர்சாதனக் கிடங்கில்தான். குளிர்ந்த காற்று கனமானது. கதவைத் திறந்தால் அது கீழ்ப்பக்கமாக வெளியே ஓடும், மேல்ப்பக்கமாக நம்மூர் ஈரமும் வெப்பமும் உள்ளே புகும். அந்த ஈரம் காயிலில் பனியாகப் படிந்து, கம்ப்ரஸர் ஓய்வின்றி ஓடும், கரண்ட் பில் ஏறும். இதைத் தடுக்கத்தான் திரை. ஆனால் சாதாரணப் பட்டை, மீனும் ஐஸ்கிரீமும் வைக்கும் −18 டிகிரி அறையில் விறைத்துப்போய், நடக்கிறவர் முகத்தில் பலகை போல அடிக்கும், நாளடைவில் வெடிக்கும். அதற்கென்றே தனிக் கலவையில் வரும் போலார் ரகத்தைத்தான் தர வேண்டும். விலை கூடுதல் என்று வாடிக்கையாளர் முகம் சுளித்தால், விற்காமல் விடுவதே மேல் என்பது நம் கருத்து. காய்கறி, பால் வைக்கும் சாதாரணக் குளிர் அறைக்கு மேலே சொன்ன கவலை இல்லை.

கேன்டீன், ஓட்டல், இறைச்சிக் கடைக்காரர்கள் மஞ்சள் நிறப் பட்டை கேட்பார்கள். பூச்சிகளை இழுப்பது ஊதா, நீலப் பக்கத்து ஒளி. மஞ்சள் அதை மறைக்கிறது. விளக்கைத் தேடி வரும் பூச்சி குறையுமே தவிர, வந்த ஈயை இது விரட்டாது. உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கான 2011-ஆம் ஆண்டு விதிமுறைகள் ஈ, பூச்சி நுழையாதபடி வாசல்களையும் சன்னல்களையும் காக்கச் சொல்கின்றன. பட்டை ஒன்றை மட்டும் காட்டி ஆய்வாளரைச் சமாளித்துவிடலாம் என்று நம்மில் யாரும் உறுதி சொல்ல வேண்டாம். வெல்டிங் நடக்கும் இடத்துக்கு அடர் சிவப்பு அல்லது பச்சை நிறத்தில் தனி ரகம் உண்டு, ஐ.எஸ்.ஓ. 25980 தரச் சான்று கேட்டு வாங்குங்கள். நிறம் பூசிய சாதாரணப் பட்டை கண்ணைக் காக்காது. எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் கேட்கும் ஆன்டி-ஸ்டாடிக் ரகத்துக்கும் சோதனைச் சான்று வேண்டும்.

எங்கே விற்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தீயணைப்புக் கதவுக்குப் பதிலாக இதை மாட்டக் கூடாது, பி.வி.சி. எரிந்தால் வரும் புகை அமிலப் புகை. இரவில் பூட்ட வேண்டிய வாசலுக்கு ஷட்டர் தனியாக வேண்டும். மேற்கு வெயில் நேராக அடிக்கும் திறந்தவெளி வாசலில் பட்டை சீக்கிரம் மஞ்சளித்துக் கெட்டியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதத்துப் புயல் காற்றுக்கு எந்தப் பட்டையும் தாங்காது.

மாட்டுவதற்கு, ஆணி அடித்துப் பிணைக்கும் முறையைவிடக் கொக்கித் தண்டவாளத்தில் மாட்டும் முறையே சிறந்தது. ஈரமுள்ள இடத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்டவாளம், உலர்ந்த இடத்துக்கு ஜி.ஐ. போதும். தரையிலிருந்து ஒரு விரல் உயரம் விட்டு நறுக்க வேண்டும். தரையில் இழுபட்டால் அழுக்கும் வாரும், நுனியும் கிழியும். ரோலில் சுருண்டிருந்த வளைவு நேராக இரண்டொரு நாள் ஆகும், அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள். ஃபோர்க்லிஃப்ட் அதிகம் போகும் இடத்துக்கு வரி வரியாகப் புடைப்பு உள்ள பட்டை உண்டு. உரசல் புடைப்பின் மேல் விழுவதால் பார்வை மங்காமல் நாள்படும்.

கழுவுவதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். தின்னர், மண்ணெண்ணெய் பட்டால் பட்டை வெளுத்துவிடும். எப்போதும் நடு வாசல் பட்டைகள்தான் முதலில் தேயும். ஓரத்துப் பட்டைகளை நடுவுக்கும் நடுவில் உள்ளதை ஓரத்துக்கும் மாற்றி மாட்டச் சொன்னால் இன்னும் சில மாதம் ஓடும். அதன்பின் முழுத் திரையும் வாங்க வேண்டியதில்லை, நாலைந்து பட்டை மட்டும் கேட்டு வருவார்கள். அதற்காக 200, 300 இரண்டு அகலத்திலும் ஒரு ரோலைப் பிரித்து வைத்து, மீட்டர் கணக்கில் நறுக்கிக் கொடுக்கும் கடைக்குத்தான் அவர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.