பகிர்ந்து கணக்கிடும் பேரியந்திரம்

மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் ஆகிய ஊர்கள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்துள்ளன. இவற்றுள் ஓர் ஊரில் மழை கொட்டும்போது அடுத்த ஊரில் வெயில் காய்வதும், சமவெளியில் தூறல்கூட விழாத நாளில் மலைமேல் பெய்த மழையால் காட்டாறுகள் திடீரெனப் பெருக்கெடுப்பதும் இப்பகுதி மக்கள் நன்கு அறிந்தவை. சதுரகிரிக்குச் செல்லும் பக்தர்களை மழை நாட்களில் வனத்துறை அடிவாரத்திலேயே நிறுத்துவதற்கும், பிளவக்கல் அணையின் நீர்வரத்தை எதிர்பார்த்து வத்திராயிருப்பு வட்டார உழவர்கள் நடவைத் திட்டமிடுவதற்கும் இந்த மலை மழையே காரணம். அது எங்கே, எப்போது, எவ்வளவு பெய்யும் என்பதை முன்கூட்டிச் சொல்ல வேண்டுமானால், காற்றின் ஓட்டத்தையும் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஆளும் சமன்பாடுகளை மழை வருவதற்கு முன்பே தீர்த்து முடித்தாக வேண்டும். அதற்குரிய கருவியே மீக்கணினி எனப்படும் சூப்பர் கம்ப்யூட்டர்.

வானிலைக் கணிப்பில் வளிமண்டலம் முழுவதும் சிறுசிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே வெப்பநிலை, ஒரே காற்றழுத்தம், ஒரே ஈரப்பதம் எனக் கொண்டு, அடுத்த சில நிமிடங்களில் அவை எவ்வாறு மாறும் என்பது மீண்டும் மீண்டும் கணக்கிடப்படுகிறது. கட்டத்தின் பக்கம் 12 கிலோமீட்டராக இருந்தால், மலை முகடும் அடிவாரத் தோப்பும் சமவெளிக் கண்மாயும் ஒரே கட்டத்துக்குள் அடங்கி, மூன்றுக்கும் பொதுவான ஒரு சராசரி மட்டுமே கிடைக்கும். 2025 மே 26 அன்று பயன்பாட்டுக்கு வந்த பாரத் முன்கணிப்பு அமைப்பு இந்தப் பக்க அளவை 6 கிலோமீட்டராகக் குறைத்தது. பக்கம் பாதியானால் அதே நிலப்பரப்புக்குக் கட்டங்கள் நான்கு மடங்காகும்; கட்டம் சிறுத்தால் கணக்கிடும் கால இடைவெளியையும் பொதுவாகப் பாதியாக்க வேண்டியிருப்பதால், மொத்த வேலை எட்டு மடங்காகிறது. புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் 2024 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட 'அர்கா' என்னும் மீக்கணினி இந்தச் சுமையைத் தாங்குவதற்காகவே அமைக்கப்பட்டது. அதன் திறன் 11.77 பெட்டாஃபிளாப்.

ஃபிளாப் என்பது ஒரு கணினி ஒரு நொடியில் செய்து முடிக்கும் தசம எண் கணக்குகளின் அளவைக் குறிக்கும் அலகு. நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்குகள் செய்தால் ஒரு டெராஃபிளாப். அதன் ஆயிரம் மடங்கு ஒரு பெட்டாஃபிளாப். அதற்கும் ஆயிரம் மடங்கு ஓர் எக்ஸாஃபிளாப். 1993 முதல் ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் நவம்பரிலும் வெளியாகும் 'டாப் 500' பட்டியல் உலகின் மீக்கணினிகளை இந்த அலகால் வரிசைப்படுத்துகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் உள்ள ஃபிரான்டியர் 2022இல் அப்பட்டியலில் முதன்முதலாக எக்ஸாஃபிளாப் எல்லையைக் கடந்தது; கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உள்ள எல் கேப்பிட்டன் 2025 நவம்பர் பட்டியலில் 1.8 எக்ஸாஃபிளாப் வேகத்துடன் முதலிடத்தில் இருந்தது.

இத்தகைய வேகம், கணக்கிடும் பகுதியான செயலி (பிராசசர்) ஒன்றிலிருந்து மட்டும் வருவதில்லை. சீமோர் கிரே வடிவமைத்து 1976இல் வெளிவந்த கிரே-1 கணினி, ஒரு செயலியை எவ்வளவு வேகமாக இயக்க முடியும் என்ற முயற்சியின் உச்சமாக விளங்கியது. அதன் கடிகாரம் ஒருமுறை துடிக்க 12.5 நானோநொடி, அதாவது ஒரு நொடியின் நூறு கோடியில் 12.5 பங்கு, பிடித்தது. ஒளியே ஒரு நானோநொடியில் 30 சென்டிமீட்டர்தான் செல்லும், கம்பியில் ஓடும் மின்குறிப்பு அதைவிடவும் மெதுவாகச் செல்லும் என்பதால், கம்பிகளின் நீளமே வேகத்துக்குத் தடையாயிற்று. கம்பிகளைக் குறுக்குவதற்காகவே அக்கணினி ஆங்கில 'சி' எழுத்தைப் போல வளைத்துக் கட்டப்பட்டது. செயலியின் துடிப்பை மேலும் கூட்டினால் வெப்பம் தாங்க முடியாத அளவுக்கு ஏறுவதால், 2000களின் நடுப்பகுதியிலிருந்து அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. எஞ்சியிருந்த வழி, ஒரே வேலையைப் பல செயலிகளுக்குப் பகிர்ந்து கொடுப்பது.

பகிர்வதன் நுட்பத்தைத் தெளிவாகக் காட்டும் தமிழக எடுத்துக்காட்டு, சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் இயற்பியலாளர் என்.டி. ஹரிதாஸ் தலைமையில் உருவாக்கப்பட்ட 'கப்ரு' ஆகும். இமயமலைச் சிகரம் ஒன்றின் பெயரைத் தாங்கிய இந்த இயந்திரத்தில், சந்தையில் கிடைத்த சாதாரண ஜியான் செயலிகளே, கணுவுக்கு இரண்டு வீதம் 144 கணுக்களில் பொருத்தப்பட்டிருந்தன. கணு என்பது தனக்கெனச் செயலியும் நினைவகமும் கொண்ட ஒரு முழுக் கணினி. சிறப்பு முழுவதும் அவற்றை இணைத்த விதத்தில் இருந்தது. நீளம், அகலம், உயரம் என மூன்று திசைகளிலும் ஒவ்வொரு கணுவும் தன் அண்டைக் கணுக்களுடன் நேரடியாக இணைக்கப்பட்டு, ஒவ்வொரு வரிசையின் கடைசிக் கணுவும் முதல் கணுவுடன் வளையமாகச் சேர்க்கப்பட்டது. அங்கு ஆராயப்பட்ட துகள் இயற்பியல் கணக்குகளில் வெளியும் காலமும் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு புள்ளியின் நிலை அதன் அண்டைப் புள்ளிகளை மட்டுமே சார்ந்திருந்ததால், கணக்கின் அமைப்பும் கணினியின் அமைப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தின. விளைவாக, 1.38 டெராஃபிளாப் உச்சத்திறன் கொண்ட கப்ரு, சோதனையில் 1 டெராஃபிளாப் வேகத்தைத் தொடர்ந்து தந்து, 2004 ஜூன் மாத 'டாப் 500' பட்டியலில் இடம்பெற்றது.

அதற்கு முன்பே, 1988இல் நிறுவப்பட்ட சி-டாக் என்னும் உயர்நிலைக் கணினி மேம்பாட்டு மையம், விஜய் பட்கர் தலைமையில் 1991இல் 'பரம் 8000' இயந்திரத்தை இதே பகிர்வு முறையில் உருவாக்கியிருந்தது. அந்த மரபில் வந்த 'பரம் பொருள்' 2022 மே 25 அன்று திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. தேசிய மீக்கணினித் திட்டத்தின்கீழ் அமைந்த அதன் உச்சத்திறன் 838 டெராஃபிளாப். கப்ருவின் உச்சத்திறனைப் போல 600 மடங்குக்கும் மேல். பொதுவான வேலைகளுக்குரிய கணுக்கள், ஒரே வகைக் கணக்கைப் பெருந்திரளாகச் செய்யும் வரைகலைச் செயலிகள் கொண்ட கணுக்கள், பெரிய தரவுகளை ஒருசேரத் தாங்கும் மிகை நினைவகக் கணுக்கள் என அதில் மூவகை உண்டு. அவற்றை இன்ஃபினிபேண்ட் என்னும் அதிவேகப் பிணையம் இணைக்கிறது.

செயலிகளைக் கூட்டிக்கொண்டே போனால் வேகமும் அதே அளவில் கூடிக்கொண்டே போகும் என்று எண்ணுவது தவறு. இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் கதிர்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினாலும், பஞ்சைச் சுத்தம் செய்து கார்டிங்கில் சிக்கெடுத்து அனுப்பும் முன்பகுதி பழைய வேகத்திலேயே இயங்கினால், நூல் உற்பத்தி இரட்டிப்பாகாது. கணினியிலும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தே தீர வேண்டிய, பகிர முடியாத பகுதி ஒன்று எப்போதும் இருக்கும். ஜீன் ஆம்டால் 1967இல் முன்வைத்த கருத்தின்படி, ஒரு வேலையில் இருபதில் ஒரு பங்கு பகிர முடியாததாக இருந்தால், எத்தனை லட்சம் செயலிகளைச் சேர்த்தாலும் வேகம் இருபது மடங்கைத் தாண்டாது. எனவே, கணக்கைத் திருத்தி எழுதி அந்தப் பங்கைக் குறைப்பவரின் உழைப்பு, புதிய செயலியை வடிவமைப்பவரின் உழைப்புக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

மற்றொரு தடை வெப்பம். கணினிக்குள் செல்லும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. எல் கேப்பிட்டன் சுமார் 30 மெகாவாட் மின்சாரத்தில் இயங்குவதால், அவ்வளவு வெப்பத்தையும் இடைவிடாமல் அகற்றியாக வேண்டும். காற்றைவிட நீர்மம் வெப்பத்தைப் பன்மடங்கு திறமையாக எடுத்துச் செல்லும் என்பதால், பரம் பொருள் உள்ளிட்ட இன்றைய மீக்கணினிகளில் செயலியின் மேல் பொருத்திய உலோகத் தகட்டின் வழியே திரவத்தை ஓடவிட்டுக் குளிர்விக்கின்றனர். கோடை வெப்பம் மிகுந்த திருச்சி போன்ற ஊரில் இது இயந்திரத்தின் உயிர்நாடியாகும்.

வலிமைமிக்க கணினிகளின் மீது ஆர்வலர்கள் கொள்ளும் ஈர்ப்புக்கு இத்தடைகளோடு போராடும் இன்பமே பெரும் காரணம். திரவ நைட்ரஜனை ஊற்றி ஒரு செயலியைச் சில நிமிடங்களுக்கு அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்ப்பவர்கள் வெப்பத்தின் எல்லையைத் தொடுகின்றனர். 1994இல் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்டு பெக்கரும் நாசாவில் 16 சாதாரணக் கணினிகளை இணைத்து உருவாக்கிய 'பியோவுல்ஃப்' தொகுதியைப் பின்பற்றி, ராஸ்பெர்ரி பை போன்ற கையடக்கப் பலகைகளை வீட்டு மேசையில் அடுக்கி இணைப்பவர்கள் பகிர்வின் எல்லையைத் தொடுகின்றனர். சென்னை ரிச்சி தெருக் கடைகளில் கிராஃபிக்ஸ் கார்டின் வேக எண்ணை ஒப்பிட்டு வாங்கும் இளைஞர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆர்டிஎக்ஸ் 4090 அட்டைக்குச் சொல்லப்படும் 80க்கும் மேற்பட்ட டெராஃபிளாப், 32 பிட் எண்களுக்கு உரியது; அறிவியல் கணக்குகளுக்குப் பெரும்பாலும் தேவைப்படும் 64 பிட் துல்லியத்தில் அதே அட்டை ஏறத்தாழ 1.3 டெராஃபிளாப்தான் தரும். அதுவுங்கூட, 2004இல் ஓர் அறையை நிரப்பிய கப்ருவின் உச்சத்திறனுக்கு இணையானது.

பட்டியலின் முதலிடத்தையும் இதே கவனத்துடன் படிக்க வேண்டும். 'டாப் 500' வரிசை, ஒரு பெருந்தொகுதிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் லின்பேக் சோதனையை மட்டும் அடிப்படையாகக் கொண்டது. நினைவகத்திலிருந்து தரவு வந்துசேரும் வேகத்தையும் சேர்த்து அளக்கும் எச்.பி.சி.ஜி. சோதனையில், எல் கேப்பிட்டனே தன் லின்பேக் வேகத்தில் ஏறக்குறைய 1 விழுக்காட்டைத்தான் எட்டுகிறது. கணக்கிடுவதைவிட, கணக்கிட வேண்டிய எண்களை உரிய நேரத்தில் உரிய செயலியிடம் கொண்டுசேர்ப்பதே கடினம் என்பதை இந்த இடைவெளி காட்டுகிறது.

ஆகவே மீக்கணினியின் திறமை, அதில் உள்ள செயலிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும், வேலையைப் பகுத்து, அண்டைக் கணுக்களிடையே செய்தியைத் தாமதமின்றிக் கடத்தி, விடையை ஒன்றுதிரட்டும் ஒழுங்கில் அடங்கியுள்ளது. கிருஷ்ணன்கோவிலைச் சுற்றியுள்ள பொறியியல் மாணவர்கள் இந்த ஒழுங்கைக் கற்கக் கலிஃபோர்னியாவுக்குப் போக வேண்டியதில்லை. ஆய்வகத்தில் ஓய்ந்திருக்கும் நான்கு கணினிகளைப் பிணையத்தில் இணைத்து, தங்கள் ஊர் மலைச்சரிவைக் கட்டங்களாகப் பிரித்து, அதில் மழைநீர் இறங்கும் வழியை ஒரு சிறு நிரலாக எழுதினாலே போதும். நான்கு கணினிகள் ஏன் நான்கு மடங்கு வேகம் தரவில்லை என்று அவர்கள் தேடத் தொடங்கும்போது, எல் கேப்பிட்டனை வடிவமைத்தவர்கள் எதிர்கொண்ட அதே கேள்வியைத்தான் அவர்களும் எதிர்கொள்கின்றனர்.