வசூலும் வரவேற்பும்

நேயர்களே, ஒரு திரைப்படம் நன்றாக இருக்கின்றதா என்று கேட்பது பழைய வழக்கம். அப்படம் எத்தனை கோடி ஈட்டியது என்று கேட்பது இன்றைய வழக்கம். பாடசாலை மாணவர்கூடத் தாம் பார்த்த படத்தின் கதையைச் சொல்லுமுன் அதன் முதல் நாள் வசூலைச் சொல்லுகின்றனர். முதலாளிக்கும் விநியோகஸ்தருக்கும் மட்டுமே உரியதாயிருந்த கணக்கு, இன்று இரசிகரின் பெருமைப் பொருளாகிவிட்டது. இம்மாற்றத்தைப் பழித்துரைத்தல் என் நோக்கமன்று. கணக்குப் பேசுவோர் அதைச் சரிவரப் பேசுதல் வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அண்மைய ஆண்டுகளில் வெளிவந்த பெரும் தமிழ்ப் படங்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, எது நிலைக்கும், எது வீழும் என்பதைப் படம் பார்ப்போன் ஒருவன் எவ்வாறு ஓரளவு முன்னுணரலாம் என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். விளம்பரங்களில் காணப்படும் தொகை பெரும்பாலும் மொத்த வசூலாகும். அதாவது, நுழைவுச்சீட்டுக்கு மக்கள் கொடுத்த பணம் முழுவதும். அதனுள் வரியும் அடங்கும். இந்தியாவில் 100 ரூபாவுக்கு மேற்பட்ட நுழைவுச்சீட்டுக்குப் பொருள் சேவை வரி 18 வீதம். ஆகவே ஒருவர் 177 ரூபா கொடுப்பாராயின், அதில் 27 ரூபா வரியாகப் போய் 150 ரூபாவே மிஞ்சும். உள்ளூராட்சி மன்றத்தின் கேளிக்கை வரி இதனின் வேறு. மிஞ்சிய பணத்தைத் திரையரங்கின் உரிமையாளரும் விநியோகஸ்தரும் பங்கிடுவர். முதல் வாரத்தில் விநியோகஸ்தரின் பங்கு மிகுந்தும், வாரங்கள் செல்லச் செல்லக் குறைந்தும் போதல் பொதுவான வழக்கு. சராசரியாகப் பாதி என்று வைத்துக்கொண்டால், நூறு கோடி மொத்த வசூலில் தயாரிப்பாளர் பக்கம் வந்து சேர்வது நாற்பது கோடி அளவே. விளம்பரச் செலவையும் அதிலிருந்து கழித்தல் வேண்டும். நூறு கோடி செலவிட்ட படம் நூறு கோடி வசூலித்தது என்று சொல்லி ஒருவர் மகிழ்வாராயின், அவர் பெரும் நட்டத்தைக் கண்டு மகிழ்கின்றார் என்பதே பொருள்.

இணையத் திரைத்தளங்களும் தொலைக்காட்சி நிலையங்களும் இசை வெளியீட்டாளரும் கொடுக்கும் உரிமைப் பணம் தனியானது. படம் வெளிவருமுன்னரே அந்தப் பணத்தில் செலவின் பெரும்பகுதியை மீட்டுக்கொண்ட படங்கள் உண்டு. ஆதலின் திரையரங்கில் தோற்ற படம் முதலாளிக்கு நட்டமே தந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்லுதல் இயலாது. மேலும், தமிழ்ப் படங்களின் வசூலை நடுநின்று சரிபார்த்து வெளியிடும் பொது அமைப்பு எதுவுமில்லை. தயாரிப்பாளரின் சுவரொட்டி ஒரு தொகையையும், வணிகம் பற்றி எழுதுவோர் பிறிதொரு தொகையையும் சொல்லுவர். 2025ஆம் ஆண்டின் முற்பகுதியில் கேரளத் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் படங்களின் செலவையும் திரையரங்குப் பங்கையும் வெளியிட முன்வந்தபோது, பல படங்களின் நட்டம் வெளிச்சமாயிற்று. உண்மை கசப்பாயினும், அது தொழிலுக்கு மருந்தாகும்.

பெரும் பணத்தைக் கொட்டிப் படம் எடுத்தல் நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. 1948இல் எஸ். எஸ். வாசன் வெளியிட்ட சந்திரலேகா, அக்காலத்தில் முப்பது இலட்சம் ரூபா விழுங்கிய படம் எனப் பேசப்பட்டது. தமிழ்நாட்டில் மட்டும் ஓடி அச்செலவை மீட்டல் அரிது என்று கண்ட வாசன், அதே ஆண்டின் இறுதியில் அதனை இந்தியிலும் வெளியிட்டு, வட இந்தியச் சந்தையைத் திறந்துவிட்டார். இன்று ஐந்து மொழிகளில் ஒரே நாளில் படம் வெளியிடுவோர் நடக்கும் பாதை அவர் வெட்டிய பாதையே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அக்காலப் படம் ஒரு நகரத்தில் மாதக்கணக்கில் ஓடி மெல்ல மெல்லப் பணம் சேர்த்தது. 1952இல் வெளிவந்த பராசக்தி கொழும்பு மைலன் படமாளிகையில் பல மாதங்கள் ஓடியதை மூத்தோர் இன்றும் பேசுவர். இக்காலப் படமோ ஆயிரக்கணக்கான திரைகளில் ஒரே வேளையில் விழுந்து, முதல் மூன்று நாள்களிலேயே வசூலின் பெரும்பகுதியை அள்ளிக்கொள்ள முயல்கின்றது. நான்கு வாரங்களில் அதே படம் வீட்டுத் திரைக்கு வந்துவிடுதலின், காத்திருந்து பார்ப்போர் தொகையும் பெருகிவிட்டது.

முதல் மூன்று நாள்களை நிறைப்பது நடிகரின் பெயர். அதன் பின்னுள்ள நாள்களை நிறைப்பது படம். இந்த ஒன்றை மனத்திற் கொண்டால், அண்மைய வெற்றி தோல்விகள் பலவற்றுக்குக் காரணம் விளங்கும்.

2024 ஜூலையில் இந்தியன் படத்தின் இரண்டாம் பாகம் வந்தது. 1996இல் முதற்பாகம் பெற்ற புகழே இதற்கு முதலீடு. திறப்பு நாளில் கூட்டம் இருந்தது. ஆயினும், படம் மிக நீண்டது என்ற பேச்சுப் பரவவே, சில நாள்களுள் அதன் சில பகுதிகள் வெட்டப்பட்டன. கூட்டம் திரும்பவில்லை. அதே ஆண்டு நவம்பரில் வந்த கங்குவாவின் வசூல் ஆயிரம் கோடியையும் கடக்கும் என்று வெளிவருமுன்னரே தயாரிப்பாளர் பக்கத்தில் நம்பிக்கை தெரிவிக்கப்பட்டது. படம் வந்த முதல் நாளிலேயே இரைச்சல் மிகுதி என்ற முறைப்பாடு எழுந்து, ஒலியளவைக் குறைக்குமாறு திரையரங்குகளைக் கேட்கவேண்டியதாயிற்று. உழைப்பும் பொருளும் குறைவின்றிச் செலவிட்ட படம் அது. ஆனால், பார்வையாளன் எந்தப் பாத்திரத்தின் துன்பத்தோடும் ஒன்ற முடியாத இடத்தில், காட்சியின் பிரமாண்டம் அவனைத் தாங்கி நிற்பதில்லை.

இவற்றுக்கு மாறாக, 2024 ஜூனில் வந்த மகாராஜாவை நோக்குங்கள். நித்திலன் சாமிநாதன் இயக்கிய இப்படம், காணாமற்போன ஒரு குப்பைத் தொட்டியைக் கண்டுபிடித்துத் தருமாறு காவல் நிலையத்துக்கு வரும் ஒரு முடிதிருத்துவோனின் கதை. விஜய் சேதுபதியின் ஐம்பதாவது படம் என்பதைத் தவிர, முன்னார்ப்பாட்டம் பெரிதாக இல்லை. பார்த்தவர் பிறருக்குச் சொல்ல, வாரங்கள் கடந்தும் ஓடியது. நவம்பரில் சீனத்திலும் திரையிடப்பட்டது. அதே ஆண்டுத் தீபாவளிக்கு வந்த அமரன், 2014இல் காஷ்மீரில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கையைச் சொல்லியது. முடிவு யாவர்க்கும் தெரிந்த கதை. ஆயினும், இழப்பைச் சுமக்கும் மனைவியின் முகத்திலிருந்து கதை சொல்லப்பட்டமையால் பெண்கள் குடும்பத்தோடு திரண்டனர். பெண்களும் முதியோரும் அரங்கிற்கு வரும் படமே இரண்டாம் வாரத்தைக் கடக்கும் படம் என்பது பழைய விநியோகஸ்தர் அறிந்த உண்மை.

இவ்வுண்மைக்கு 2022 செப்டெம்பரில் வந்த பொன்னியின் செல்வனின் முதற்பாகம் இன்னொரு சான்று. 1950களின் தொடக்கத்தில் கல்கி தொடராக எழுதிய நாவலைப் படித்த தலைமுறை, நெடுநாள் படமாளிகைப் பக்கம் போகாதவர், பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு சென்றனர். ஈழநாட்டையும் ஒரு களமாகக் கொண்ட அந்நாவல் எம்மவர்க்கும் நெருக்கமானதன்றோ!

2025ஆம் ஆண்டு இப்பாடத்தை மேலும் தெளிவாக்கியது. நாயகன் வெளிவந்து முப்பத்தெட்டு ஆண்டுகளின் பின் மணிரத்தினமும் கமல்ஹாசனும் மீண்டும் இணைந்த தக் லைஃப் ஜூன் 5ஆம் திகதி வெளியாயிற்று. மொழி வரலாறு பற்றிய ஒரு கூற்றினால் எழுந்த சர்ச்சையில் கர்நாடகச் சந்தை அதற்கு அடைபட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஆனால் தடையே இல்லாத தமிழ்நாட்டிலும் படம் விரைவில் தளர்ந்தமையால், பழியைச் சர்ச்சையின் மேல் மட்டும் போடுதல் பொருந்தாது. ஆகஸ்டில் வந்த கூலியின் நிலை வேறு. ரஜினிகாந்த் திரைக்கு வந்து ஐம்பதாண்டு நிறைவுறும் வேளையில் வெளியான அப்படத்தின் திறப்பு மாபெரும் திறப்பு. ஆயினும், வன்முறைக் காட்சிகளின் காரணமாக வயது வந்தோருக்கு மட்டுமான சான்றிதழ் பெற்றமையால், பிள்ளைகளோடு செல்லும் குடும்பங்களுக்கு அரங்கின் கதவு மூடப்பட்டது. சிறுவர் கூட்டத்தைத் தன்பால் ஈர்த்தே வளர்ந்த ஒரு நடிகரின் படத்துக்கு இது சிறிய இழப்பன்று.

அவ்வாண்டு மே மாதம் முதலாந் திகதி, சூர்யா நடித்த ரெட்ரோ என்ற பெரிய படத்தோடு ஒரே நாளில் வெளிவந்தது ரூரிஸ்ட் பமிலி என்ற சிறிய படம். அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதற்படைப்பு. பொருளாதார நெருக்கடியால் இலங்கையை விட்டுப் படகேறிச் சென்று, சென்னையில் தம் அடையாளத்தை மறைத்து வாழ முயலும் ஓர் ஈழத்தமிழ்க் குடும்பத்தின் கதை அது. வாயைத் திறந்தால் பேச்சுக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அஞ்சும் மனிதரைப் பார்த்து அரங்கம் சிரித்தது. பின்னர் கண் கலங்கியது. பேச்சின் ஓசை சிலவிடங்களில் எம் செவிக்கு ஒட்டவில்லை என்பது உண்மையே. ஆனால் எம்மைப் பேச்சின் பொருட்டு நகைப்பதற்கே திரைக்குக் கொணர்ந்த படங்கள் பலவற்றின் பின், எம்மை அயல்வீட்டாராகக் காட்டிய படம் அது. வாய்மொழியாலேயே அது வளர்ந்து, செலவைப் பன்மடங்கு மீட்டது.

இவற்றிலிருந்து நான் கொள்ளும் அளவுகோல் நான்கு. படத்தின் செலவு அதன் சந்தைக்கு அளவானதா? குடும்பத்தோர் யாவரும் பார்க்கத்தக்கதா? பார்த்தவர் வெளியே வரும்போது கதையைப் பேசுகின்றனரா, நடிகரை மட்டும் பேசுகின்றனரா? முதல் திங்கட்கிழமை அரங்கில் எத்தனை பேர் இருக்கின்றனர்? இந்நான்காவது கேள்வியே தலையாயது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஆர்வத்தின் கூட்டம். திங்கட்கிழமைக் கூட்டம் தீர்ப்பின் கூட்டம்.

இத்தீர்ப்பைச் சிலர் அஞ்சுகின்றனர். 2024 நவம்பரில் தமிழ்நாட்டுத் தயாரிப்பாளர், அரங்க வளாகத்தில் இரசிகரின் கருத்தைப் படம்பிடித்தலைத் தடுக்குமாறு திரையரங்குகளைக் கேட்டனர். வெளியான முதல் மூன்று நாள்களுக்கு இணைய விமர்சனத்தைத் தடைசெய்யக் கோரி நீதிமன்றத்தையும் நாடினர். சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாறு தடைவிதிக்க மறுத்தது. தனிமனிதரை வசைபாடுதல் விமர்சனமன்று என்பதில் எனக்கு உடன்பாடு உண்டு. எனினும், பணம் கொடுத்துப் பார்த்தவன் தன் கருத்தைச் சொல்லக்கூடாதென்றல், உண்டவன் உப்பில்லை என்று சொல்லக்கூடாதென்பது போன்றதே.

எம் நாட்டு நிலையையும் ஒரு சொல் கூறுதல் கடன். 1970களில் இந்தியப் படங்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், குத்துவிளக்கு, வாடைக்காற்று முதலிய ஈழத்துப் படங்கள் எம் படமாளிகைகளில் இடம் பெற்றன. இன்று எம் அரங்குகளை நிறைப்பவை பெரும்பாலும் சென்னையின் பெரும் படங்களே. எம் இளைஞர் சிறு பொருளில் எடுக்கும் படங்களுக்கு வசதியான காட்சி நேரம் கிடைத்தல் அரிதாயிருக்கின்றது. அயலூரார் எம் கதையைச் சொன்னபோது அரங்குக்கு ஓடிய நாம், எம்மவர் எம் கதையைச் சொல்லும்போது வீட்டிலிருத்தல் முறையாகுமா?

ஆதலின் நேயர்களே, நடிகரின் வசூலைக் கூட்டிக் கழிப்பதில் நேரத்தைச் செலவிடாது, நாம் கொடுக்கும் சீட்டுப் பணம் எதனை வளர்க்கின்றது என்று எண்ணுவோமாக. ஒவ்வொரு நுழைவுச்சீட்டும் ஒரு வாக்கு. நல்ல படத்துக்கு அவ்வாக்கை முதல் வாரத்திலேயே அளிப்போமாயின், அது இரண்டாம் வாரத்தைக் காணும்.