எழுபது வளைவு ஏறிய 121 டிகிரி

கொல்லிமலை செம்மேட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் கிளினிக்குக்குச் சின்ன ஆட்டோகிளேவ் ஒன்று வாங்கினோம். 'ஐஎஸ்ஓ 13485 சான்று பெற்றது' என்று தங்க நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. 15 பவுண்டு அழுத்தத்தில் 15 நிமிடம் வைத்தால் போதுமாம். இங்கே சோறு வேகவே கூடுதல் நேரம் ஆகிறது. கிருமி மட்டும் சொன்ன நேரத்தில் சாகுமா?"

அருமையான கேள்வி. முதலில் ஸ்டிக்கரை உரித்துவிடுவோம். ஐஎஸ்ஓ யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. விதிகளை எழுதுவதோடு அதன் வேலை முடிந்தது. வந்து தணிக்கை செய்து சான்று தருபவை வேறு நிறுவனங்கள். அவை சான்று தருவதும் தயாரிப்பாளர் வேலை செய்யும் முறைக்குத்தான். உங்கள் மேசைமீது இருக்கும் பெட்டிக்கு அல்ல. விளம்பரத்தில் இந்த வித்தியாசத்தை யாரும் சொல்வதில்லை. சொன்னால் தங்க நிறம் கொஞ்சம் மங்கும்.

அதற்காக எல்லாம் வெற்றுக் காகிதம் என்று ஒதுக்கவும் முடியாது. ஐஎஸ்ஓ 13485 என்ற அந்தக் கோப்புக் குவியலுக்குள் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு: செய்து முடித்த பிறகு சோதித்து அறிய முடியாத வேலை எதுவோ, அதைச் செய்யும் முறையை முன்கூட்டியே நிரூபித்துக் காட்ட வேண்டும். ஆட்டோகிளேவ் நீராவியால் செய்யும் கிருமிநீக்கம் அப்படிப்பட்ட வேலை. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையினர் 1992இல் தொடங்கிய ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் செய்கிறது. உறைக்குள் இருக்கும் லென்ஸில் கிருமி இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? உறையைப் பிரித்தால் அந்த லென்ஸ் வீண். சரி, மாதிரிக்கு இருபதை மட்டும் பிரிக்கலாம் என்றால், நூற்றில் ஒன்று கெட்டிருக்கும் சரக்கில்கூட அந்த இருபதும் சுத்தமாக அமைய 82 சதவீத வாய்ப்பு இருக்கிறது. உலகம் எதிர்பார்ப்பதோ, பத்து லட்சத்தில் ஒன்றுக்கு மேல் தப்பக் கூடாது என்பதை. மாதிரி எடுத்து அந்த எண்ணை எட்டவே முடியாது.

ஆகவே ஆடிட்டர் பொருளைப் பார்ப்பதைவிட, அது வெந்த விதத்தைத்தான் துருவுகிறார். நம் வீட்டுக் குக்கரை அவரிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும்? துவரம் பருப்புக்கு நாலு விசில் என்று முடிவு செய்தது யார்? எதை வைத்து? விசிலை எண்ணியவர் கையெழுத்து எங்கே? கேஸ்கட் மாற்றிய பிறகு மறுபடி நிரூபித்தீர்களா? அம்மா கல்யாணத்துக்குப் போன அன்று எண்ணியவருக்குப் பயிற்சி கொடுத்ததற்குப் பதிவேடு உண்டா? கடைசியில் பருப்பை ருசி பார்க்காமலே எழுந்து போய்விடுவார். சமையலறையில் இது பைத்தியக்காரத்தனம். மூடியைத் திறக்காமலே பரிமாற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இதைத் தவிர வேறு வழியில்லை.

அம்மாவின் பதிவேட்டில் இல்லாத, ஆனால் கைப்பழக்கத்தில் இருக்கும் இன்னொன்றும் உண்டு. மூடியதும் வெயிட் போட மாட்டார். ஆவி சீறிக்கொண்டு வரட்டும் என்று காத்திருப்பார். உள்ளே இருக்கும் காற்று முதலில் வெளியேற வேண்டும். கொல்லும் வேலையைச் செய்வது வெப்பநிலை. ஆனால் பல கருவிகளில் நாம் பார்ப்பது அழுத்தத்தை. தூய நீராவி என்றால் இரண்டும் கைகோத்துப் போகும்: சமவெளியில் 15 பவுண்டு என்றால் 121 டிகிரி. காற்று கலந்துவிட்டால் அழுத்தத்தில் ஒரு பங்கைக் காற்றே கொடுத்துவிடும். பாதிக் காற்று தங்கினாலும் அழுத்தமானியின் முள் அதே 15இல் நிற்கும். உள்ளே 112 டிகிரிதான். காற்று நீராவியைவிடக் கனமானது என்பதால் அடியில் போய்த் தேங்கும். மேல்தட்டு வெந்திருக்கும், கீழ்த்தட்டு அரைவேக்காடு.

1971இல் இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலையில் இதுவே நடந்தது. குளுக்கோஸ் பாட்டில்களை வைத்த ஆட்டோகிளேவின் அடியில் காற்று தேங்கியது. வெப்பநிலைப் பதிவுக் கருவி மட்டும் உண்மையைச் சொன்னது. கருவிதான் பழுது என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். சோதனைக்கு எடுத்த பாட்டில்கள் மேல்தட்டில் இருந்தவை. தேறிவிட்டன. அடுத்த ஆண்டு பிளைமவுத் நகர மருத்துவமனையில் அந்தச் சரக்கு ஏற்றப்பட்ட நோயாளிகளில் ஐந்து பேர் இறந்தார்கள். செய்முறையை நிரூபி என்று இன்று ஆடிட்டர்கள் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வரலாறு கேட்பவர்களுக்கு: பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் சாம்பர்லாண்ட் ஆட்டோகிளேவைச் செய்தது 1879இல். ஐஎஸ்ஓ 13485 வெளிவந்தது 1996இல். நம் நாட்டின் மருத்துவச் சாதன விதிகள் 2017இல்.

இனி மலைக்கு வருவோம். அழுத்தமானி காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை. காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி 1,200 மீட்டர் உயரத்துக்கு வந்தால் வெளிக்காற்றே எட்டில் ஒரு பங்கு குறைந்திருக்கும். தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதிக்கும். முள் 15 காட்டும்போது உள்ளே கிட்டத்தட்ட 119 டிகிரிதான்.

இரண்டு டிகிரிதானே என்று விட முடியாது. ஆட்டோகிளேவைச் சோதிக்கப் பயன்படும் முரட்டு பாக்டீரியா வித்துகளுக்கு, வெப்பம் 10 டிகிரி குறைந்தால் சாவதற்குப் பத்து மடங்கு நேரம் வேண்டும். அந்தக் கணக்கில் உங்கள் மலையின் 15 நிமிடம், சமவெளியின் 9 நிமிடத்துக்குத்தான் சமம். சமவெளியில் 121 டிகிரியில் ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை வித்துகள் பத்தில் ஒன்றாகக் குறைகின்றன என்று கொண்டால், அங்கே பத்து முறை குறையும். உங்களிடம் ஆறு முறைதான். உங்கள் சந்தேகம் சரி. தயாரிப்பாளரின் சான்று பொய்யில்லை, அது மலை ஏறவில்லை, அவ்வளவே.

என்ன செய்வது? கருவி வெப்பநிலை உணரியைப் பார்த்து நேரத்தை எண்ணும் வகை என்றால் மலை அதை ஏமாற்றாது. 121ஐத் தொட்ட பிறகுதான் எண்ணத் தொடங்கும். அழுத்த முள்ளை மட்டும் நம்பும் வகை என்றால் உங்கள் உயரத்துக்கு 17 பவுண்டு வேண்டும். அந்த அழுத்தத்துக்குக் கருவி கட்டப்பட்டதா என்பதை விற்றவரிடம் எழுத்தில் வாங்குங்கள். வெயிட்டையோ பாதுகாப்பு வால்வையோ நீங்களாக நோண்ட வேண்டாம். கூட்ட முடியாது என்றால் நேரத்தை எவ்வளவு நீட்டலாம் என்பதையும் அவரே எழுதித் தரட்டும். கூடவே, அந்த முரட்டு வித்துகள் ஏற்றிய சோதனைப் பட்டைகள் ஒரு பொட்டலம் வாங்குங்கள். ஒன்றைக் கருவிப் பொட்டலத்தின் நடுவில், அடித்தட்டில் வைத்து, வித்துகள் செத்தனவா என்று சோதித்துப் பாருங்கள்.