மனநோய்க்கு கஞ்சா மருந்தா? கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

கம்பம், கூடலூர், போடி, வருசநாடு... தேனி மாவட்டத்தின் இந்த ஊர்ப் பெயர்கள் கஞ்சா பறிமுதல் செய்திகளில் அடிக்கடி அடிபடும். இன்னொரு பக்கம், ‘கஞ்சாவுல மனநோய்க்கு மருந்து இருக்காமே’ என்ற பேச்சும் செல்போனில் சுற்றுகிறது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதி ஆபத்து.

ஒரே செடி, இரண்டு வேலை

கஞ்சா செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருக்கின்றன. அதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று டி.எச்.சி. போதை தருவது இதுதான். இன்னொன்று சி.பி.டி எனும் கன்னாபிடியால். இது போதை தராது. மருந்தாகுமா என்று விஞ்ஞானிகள் சோதிப்பது இந்த சி.பி.டி-யைத்தான்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

இல்லாத குரல் காதில் கேட்பது, யாரோ கொல்ல வருவதாக நம்புவது... இவை ‘சைக்கோசிஸ்’ பாதிப்பின் அறிகுறிகள். மனச்சிதைவு நோயாளிகள் 88 பேரிடம் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. வழக்கமான மாத்திரையோடு ஒரு பிரிவினருக்கு தினமும் 1,000 மில்லிகிராம் சி.பி.டி தரப்பட்டது. 6 வாரத்தில் அவர்களுக்கு அறிகுறிகள் ஓரளவு குறைந்தன. ஆனால் அதே ஆண்டு வெளியான, 600 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வில் பலன் தெரியவில்லை. அதாவது, நம்பிக்கை இருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. சி.பி.டி-க்கு அமெரிக்கா 2018-ல் முதன்முதலில் அனுமதி தந்தது அரிய வகை வலிப்பு நோய்களுக்குத்தான்.

அப்போ புகைத்தால்?

நேர் எதிர் விளைவு! ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்த பெரிய ஆய்வு 2019-ல் வெளியானது. தினமும் கஞ்சா பயன்படுத்துவோருக்கு சைக்கோசிஸ் வரும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு அதிகம் என்றது அது. டி.எச்.சி அதிகமுள்ள கஞ்சா என்றால் கிட்டத்தட்ட 5 மடங்கு. பொட்டலத்தில் விற்பது போதைக்காக. அதில் டி.எச்.சி எவ்வளவு என்பது விற்பவருக்கே தெரியாது. ஆய்வில் கொடுத்ததோ சுத்தமாகப் பிரித்தெடுத்து, அளந்து கொடுத்த சி.பி.டி. இரண்டும் ஒன்றல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, கஞ்சாவை உரிமம் இல்லாமல் வளர்ப்பதும் வைத்திருப்பதும் குற்றம். 20 கிலோவுக்கு மேல் பிடிபட்டால் குறைந்தது 10 ஆண்டு சிறை. ‘மருந்துக்குத்தான் வெச்சிருந்தேன்’ என்று சொன்னால் தப்பிக்க முடியாது.

வீட்டில் ஒருவருக்கு அறிகுறி இருந்தால்?

‘பேய் பிடிச்சிருக்கு’ என்று தள்ளிப்போட வேண்டாம். ‘இயற்கை மருந்து’ என நம்பி, சாப்பிடும் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், நோய் திரும்பிவிடும். பிள்ளை கஞ்சா புகைத்திருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். சரியான சிகிச்சைக்கு அந்தத் தகவல் முக்கியம். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். 14416 என்ற இலவச எண்ணில் 24 மணி நேரமும் மனநல ஆலோசனை கிடைக்கும்.