பேச்சும் நடையும்: முதுமையில் ஓர் இரட்டைச் சுமை

"நடக்கறதுக்கு என்ன பெரிய யோசனை வேண்டிக் கிடக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு வயதில் தத்தித் தத்திக் கற்றதோடு சரி, அதன்பின் கால் தானாகப் போகிறது என்பது நம் எண்ணம். இது பாதி உண்மை. மீதிப் பாதியை, வயதான பெற்றோரை உடன் வைத்திருக்கும் குடும்பங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கீழே விழுந்து உயிரிழப்பவர்கள் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர். அவர்களில் முதியோரே அதிகம்.

நடை தானாக நிகழ்வதா?

காலை மாற்றி மாற்றி வைக்கும் தாளத்தை முதுகுத் தண்டும் சிறுமூளையும் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் எங்கே கால் வைப்பது, எதிரே வரும் ஆட்டோவுக்கு எப்படி ஒதுங்குவது என்று முடிவு செய்வதில் நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைக்குப் பெரும் பங்கு உண்டு. கணக்குப் போடவும், பேச்சுக்குச் சொல் தேடவும் அதே முன்மூளைதான் வேண்டும். இளமையில் இரண்டுக்கும் கவனம் போதுகிறது. வயதாக ஆக, பார்வையும் பாதத்தின் உணர்ச்சியும் உட்காதின் சமநிலை உறுப்பும் தளர்கின்றன. தானாக நடந்த நடைக்கே கவனம் தேவைப்படுகிறது. அந்த நேரத்தில் இன்னொரு வேலை வந்தால் வேகம் குறையும், அடிகள் சீர் கெடும், உடல் பக்கவாட்டில் ஆடும்.

இதை எளிமையாகக் காட்டியவர்கள் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள். 1997இல் வெளியான அவர்களது ஆய்வில், முதியோர் இல்லங்களில் இருந்த 58 பேருடன் நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். பதில் சொல்வதற்காக 12 பேர் நின்றுவிட்டார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள்! நின்றதால் விழவில்லை. நிற்க வேண்டிய நிலை, உள்ளே கவனக் கையிருப்பு குறைந்ததற்கு அடையாளம். பார்க்கின்சன் நோயாளிகள் சிலரிடம் நேர்மாறான ஆபத்து உண்டு. பேச்சை விடாமல் தொடர்வார்கள், நிலை தவறுவார்கள்.

அவதானம் செய்தவர்கள்

ஒரே நேரத்தில் பலவற்றில் கவனம் வைப்பதை நம்மவர் அவதானம் என்று ஒரு கலையாகவே வளர்த்தார்கள். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்து புகழ்பெற்றது நாம் அறிந்ததே. அதுவும் ஆண்டுக்கணக்கில் பயின்ற பயன். அவதானி சாலையைக் கடந்துகொண்டே வெண்பா பாடுவதில்லை என்பதையும் நினைவில் வைப்போம்.

மண்டி மொஹல்லாவில்

நம் மைசூரு மண்டி மொஹல்லாவுக்கு வருவோம். இங்குள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை (ஊர் வாயில் "மிஷன் ஆஸ்பத்திரி"), 1934 முதல் அங்கே பிறந்த குழந்தைகளின் எடை முதலிய அளவுகளைப் பதிவேட்டில் காத்து வைத்தது. அந்தப் பதிவுகளைக் கொண்டு, அங்கே பிறந்து முதுமை எய்தியவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களது இதய நலத்தையும் பின்னர் நினைவாற்றலையும் ஆராய்ந்திருக்கிறார்கள். முதுமையில் மூளையின் நலம் இந்தப் பேட்டைக்குப் புதிய விஷயமல்ல.

அதே பேட்டையின் தெருவில், பேரனைப் பார்க்க ஊரிலிருந்து வந்த பாட்டி ஒருவர் நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் மூட்டை, ஒரு பக்கம் தள்ளுவண்டி. கடைக்காரர் "ஏனு பேகு அஜ்ஜி?" என்கிறார். பாட்டி கன்னடச் சொல்லைத் தேடிக்கொண்டே படி இறங்குகிறார். தமிழில் பதில் சொல்வதைவிட இது பெரிய வேலையல்லவா? வேற்று மொழி ஊரில் வாழும் நம் பெரியவர்களுக்கு இது கூடுதல் சுமை.

வீட்டில் என்ன செய்யலாம்?

பெரியவரைச் சமதளத்தில் இருபதடி தூரம் சாதாரணமாக நடக்கச் சொல்லி நேரம் பாருங்கள். பிறகு, பங்குனியிலிருந்து சித்திரை வரை மாதங்களைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள். ஒருவர் கை எட்டும் தூரத்தில் கூடவே வரவேண்டும். எல்லோருக்கும் வேகம் கொஞ்சம் குறையும். ரொம்பக் குறைந்தாலோ, தள்ளாடினாலோ, நின்றுவிட்டாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். இது நோயைத் தீர்மானிக்கும் சோதனையல்ல, ஓர் எச்சரிக்கை மணி மட்டுமே.

பயிற்சியால் பலனும் உண்டு. ஜெனீவாவில் 134 முதியோரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், பியானோ இசைக்கேற்ப அடியை மாற்றி நடக்கும் வகுப்பு வாரம் ஒரு மணி நேரம் நடந்தது. ஆறு மாதத்தில் நடை சீர்பட்டது, விழுவதும் குறைந்தது. நம் கும்மியிலும் கோலாட்டத்திலும் கைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று என வேலை இருக்கிறதே! பொங்கல் விழாவில் குழந்தைகளோடு, இயன்ற பெரியவர்களையும் மெதுவாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அதுவரை ஒரு சின்னப் பழக்கம் போதும். அப்பா சந்தைக்குப் போகும் நேரத்தில் செல்போனில் கூப்பிட வேண்டாம். கூட நடக்கும்போது அம்மா பேசுவதற்காக நின்றால், "நடந்துகிட்டே சொல்லும்மா" என்று அவசரப்படுத்தாமல் நாமும் நிற்போம். அவர் சொல்லி முடிக்கட்டும், பிறகு தெருவைக் கடக்கலாம்.