மலை இறக்கமும் ஓட்டுநர் தேர்வும்

மாணவர்களே, களமருதூர் போன்ற சமவெளி ஊரில் வண்டி ஓட்டுபவரும் ஒருநாள் கல்வராயன் மலைப்பாதையில் இறங்க நேரலாம். ஓட்டுநர் உரிமம் கோருபவர் இறக்கத்தில் விரைவாகக் கீழ்க் கியருக்கு மாற்றத் தெரிந்திருக்க வேண்டும் என்கின்றன, 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். ஏன்?

1,000 கிலோகிராம் நிறையுள்ள கார் 400 மீட்டர் உயரம் இறங்கும்போது ஏறத்தாழ 39 இலட்சம் ஜூல் நிலையாற்றலை இழக்கிறது. 12 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர இது போதும்! பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால், இதில் பெரும்பகுதி அங்கே வெப்பமாக மாறும். சூடு மிகுந்தால் உராய்வு குறையும், பிரேக் பிடிக்காது. கீழ்க் கியரில் எஞ்சினும் வண்டியைத் தடுத்து இச்சுமையைப் பகிர்ந்துகொள்கிறது.

கட்டாயக் காப்பீடு விபத்துக்குப் பின் இழப்பீடு தரும். போன உயிரைத் தராது. நாளை மோட்டார் வாகன ஆய்வாளர் முன் தேர்வுக்கு நிற்கையில் இக்கணக்கை நினைவில் வையுங்கள்.